எட்டால் பெருக்குதல்: சிறுதொழில் திட்டங்களின் 'வெற்றி' குறித்துச் சில குறிப்புகள்

1

ஓர் எண்ணிலிருந்து தொடங்கலாம். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம் 2008இல் வந்தது. 1993இல் தொடங்கிய பிரதமர் ரோஜ்கார் யோஜனாவையும் 1995இன் கிராமிய வேலைவாய்ப்புத் திட்டத்தையும் ஒன்றாகக் கலந்து உருவாக்கப்பட்டது. கதர் கிராமத் தொழில் ஆணையம்தான் இதை நடத்தும் முகமை. வங்கி கடன் தரும், அரசு மானியம் தரும், புதிய தொழில் பிறக்கும், வேலை பெருகும் என்பது இதன் கதைச் சுருக்கம். அதன் ஆண்டுக் கணக்குகளை வரிசையாக வைத்துப் பார்ப்போம்.

2018-19இல் 73,427 அலகுகள். 5,87,416 பேருக்கு வேலை. 2019-20இல் 66,653 அலகுகள், 5,33,224 பேர். 2020-21இல் 74,415 அலகுகள், 5,95,320 பேர். 2021-22இல் 1,03,219 அலகுகள், 8,25,752 பேர். 2022-23இல் 85,167 அலகுகள், 6,81,336 பேர்.

வாசகர் ஒரு பென்சில் எடுத்து இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்துப் பார்க்கலாம். ஒவ்வோர் ஆண்டும் விடை 8. ஏழே முக்காலும் இல்லை, எட்டேகாலும் இல்லை. மீதி இல்லாத, சுத்தமான எட்டு. கொரோனாவுக்கு முன்பும் எட்டு, ஊரே அடைத்துக் கிடந்த வருஷத்திலும் எட்டு. ஊதுபத்தி உருட்டும் வீட்டிலும் எட்டு, சிமெண்ட் செங்கல் போடும் களத்திலும் எட்டு. தேசம் முழுக்க ஒரு தொழிலாளி கூடவோ குறையவோ இல்லாமல் இப்படி ஓர் ஒழுங்கு அமைந்துவிட்டால் அது பொருளாதாரம் அல்ல, யாப்பு.

விஷயம் இதுதான். யாரும் போய் எண்ணவில்லை. அலகு ஒன்றுக்கு எட்டு வேலை என்று வைத்துக்கொண்டு பெருக்கியிருக்கிறார்கள். அரசு அட்டவணைகளின் தலைப்பில் 'மதிப்பிடப்பட்ட' என்றொரு சொல் ஒதுங்கி நிற்கிறது. அட்டவணையிலிருந்து எண் செய்திக் குறிப்புக்கு நகரும்போது அந்தச் சொல் மெல்லக் கழன்றுவிடுகிறது. மேடைக்கு வரும்போது 'உருவாக்கினோம்' என்ற வினைமுற்று ஒட்டிக்கொள்கிறது. ஓர் உத்தேசம் சாதனையாக உருமாறும் இந்த இலக்கணப் பயணத்தைப் பின்தொடர்வதே இக்கட்டுரையின் நோக்கம். திட்டங்கள் 'பயன்' தந்தனவா என்பதற்கு முன்னால் வேறொரு கேள்வி இருக்கிறது. பயன் என்பதை யார், எந்த இடத்தில் நின்று, எந்தச் சொற்களால் அளக்கிறார்கள்?

இந்த எட்டை எதனோடு ஒப்பிடுவது? தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 73ஆம் சுற்று (2015-16) விவசாயம் சாராத, கம்பெனியாகப் பதிவு பெறாத தொழில்களை எண்ணியது. சுமார் 6.34 கோடித் தொழில்கள், சுமார் 11 கோடி உழைப்பாளிகள். ஒரு தொழிலுக்கு இரண்டு பேர்கூட வரவில்லை. நூற்றுக்கு எண்பதுக்கு மேல், கூலிக்கு ஆளே வைக்காத ஒற்றை ஆள் அல்லது குடும்பத் தொழில்கள். மானியம் வாங்கித் தொடங்கும் அலகுகள் இவற்றைவிடப் பெரியவை; எனவே நேருக்கு நேர் ஒப்பிடுவது நியாயம் அல்ல என்று ஒருவர் வாதிடலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இரண்டுக்கும் எட்டுக்கும் இடையே இருக்கும் தூரத்தை விளக்கும் பொறுப்பு எட்டு என்று எழுதியவருக்குத்தான் உண்டு, கேள்வி கேட்பவருக்கு அல்ல.

இதில் இன்னொரு வேடிக்கை. இத்திட்டத்தில் மானியம் பயனாளியின் கைக்கு நேராக வருவதில்லை. மூன்றாண்டுகள் வங்கியில் வைப்பாகக் கிடக்கும். அதன்பின் அலகை நேரில் போய்ப் பார்த்து, ஓடுகிறது என்று சான்று தந்தால்தான் கடனில் கழியும். அதாவது நேரில் பார்க்கும் ஒரு தருணம் திட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. அன்றைக்குப் பூட்டிக் கிடந்த ஷட்டர்கள் எத்தனை, ஓடிக்கொண்டிருந்த இடத்தில் ஆட்கள் எத்தனை என்று அங்கேயே எண்ணிவிடலாம். அந்த எண்தான் உண்மையான மதிப்பீடு. ஆண்டுதோறும் செய்திக் குறிப்பின் முதல் வரியாக வருவதோ தொடக்க நாளின் எண், அதுவும் எட்டால் பெருக்கப்பட்டு. பிறப்புப் பதிவேட்டை மட்டும் வைத்துக்கொண்டு இறப்புப் பதிவேட்டைப் பரணில் போட்டுவிட்ட ஊரில் மக்கள்தொகை என்றைக்கும் ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

2

அடுத்து முத்ரா. 2015 ஏப்ரல் 8 அன்று தொடங்கியது. ஐம்பதாயிரம் வரை 'சிசு', ஐந்து லட்சம் வரை 'கிஷோர்', பத்து லட்சம் வரை 'தருண்'. 2024இல் பழைய தருண் கடனைச் சரியாகக் கட்டியவர்களுக்கென்று இருபது லட்சம் வரை இன்னொரு படி சேர்ந்தது. குழந்தை, விடலை, வாலிபன் என்று இந்தப் பெயர்களே ஒரு கதையாடலைச் சொல்கின்றன: தொழில் என்பது உயிரி, தானாக வளரும், அரசு பாலூட்டும் தாய். ஆனால் எத்தனை குழந்தைகள் விடலைகளாயினர் என்ற கணக்கை இந்தத் தாய் மேடையில் சொல்வதில்லை.

பத்தாண்டு நிறைவில், 2025 ஏப்ரலில் அரசு சொன்னது: 52 கோடிக்கும் மேற்பட்ட கடன்கள், 32 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். எண்கள் பிரமிக்க வைக்கின்றன, பிரமிக்க வைக்கத்தான் சொல்லப்படுகின்றன. 52 கோடி என்பது கடன்களின் எண்ணிக்கை, மனிதர்களின் எண்ணிக்கை அல்ல. ஒரே பெண் ஆண்டுக்கொரு முறை வாங்கிக் கட்டி வாங்கினால் அவள் பத்து. பேச்சிலோ இந்த வித்தியாசம் அழிந்து, '52 கோடிப் பேர்' ஆகிவிடுகிறது. தொகையை எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு கடனுக்குச் சராசரியாக அறுபதாயிரத்துச் சொச்சம். இந்தச் சராசரியையும் மேலே இழுப்பவை சில பெரிய கடன்கள்; கடன்களில் ஆகப் பெரும்பான்மை சிசுவே. அதில் ஒரு தள்ளுவண்டியும் அடுப்பும் பாத்திரமும் வரும். ஒரு பழைய லேத் வருமா என்பது சந்தேகம். அதை ஓட்டத் தேவையான மூலதனமும், வாடகைக்கான அட்வான்ஸும், ஆர்டர் வரும்வரை சாப்பிட அரிசியும் வராது.

முத்ராவால் எத்தனை வேலை உருவானது என்று தொழிலாளர் அமைச்சகத்தின் கீழ் இயங்கும் தொழிலாளர் பணியகம் ஒரு மாதிரி ஆய்வு செய்தது. 2015 ஏப்ரல் முதல் 2017 டிசம்பர் வரை 1.12 கோடி கூடுதல் வேலை என்று அது முடிவு சொல்லிற்று. கடன் வாங்கியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான் புதுத் தொழில் தொடங்கினார், மற்றவர்கள் ஏற்கெனவே இருந்த தொழிலில் போட்டார்கள் என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. முதல் எண் நாடாளுமன்றப் பதில்களில் திரும்பத் திரும்ப வந்தது. இரண்டாவது எண்ணுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை.

முதல் எண்ணையும் இன்னொரு பிரதியின் பக்கத்தில் வைத்து வாசிக்க வேண்டும். மேலே சொன்ன 2015-16 கணக்கெடுப்பில் சுமார் 11 கோடியாக இருந்த உழைப்பாளிகள், 2021-22இல் அதே வகைத் தொழில்களை எண்ணியபோது 9.8 கோடி. தொழில்களின் எண்ணிக்கையும் 6.34 கோடியிலிருந்து 5.97 கோடிக்கு இறங்கியிருந்தது. இடையில் 2016 நவம்பர் 8இன் பணமதிப்பு நீக்கம், 2017 ஜூலையின் சரக்கு மற்றும் சேவை வரி, பிறகு பெருந்தொற்றின் இரண்டு அலைகள். பின்னர் எண்கள் ஏறின, 2023-24இல் 7.34 கோடித் தொழில்கள், 12 கோடி உழைப்பாளிகள். முத்ராதான் இறக்கியது என்றோ முத்ராதான் ஏற்றியது என்றோ இதை வைத்துச் சொல்ல முடியாது. சொல்லக்கூடியது ஒன்றுதான். ஒரு கை கொடுத்ததைத் தனியாக எண்ணி, மறு கை எடுத்ததை 'சூழல்' என்ற பெயரில் வெளியே வைக்கிற கணக்கு, கணக்கே அல்ல. எந்தச் செட்டியார் கடையிலும் வரவு மட்டும் எழுதிய பேரேடு செல்லுபடியாகாது.

இந்த மொழியின் மையத்தில் நிற்கும் சொல் 'பயனாளி'. அல்துஸ்ஸர் காட்டிய 'விளித்தல்' இங்கே அச்சாக வேலை செய்கிறது. அரசு கூப்பிடுகிறது, திரும்பிப் பார்த்தவர் பயனாளி ஆகிறார். வட்டியோடு கடன் வாங்கியவர், வாங்கிய அன்றே 'பயன் பெற்றவர்' ஆகிவிடுகிறார். பயன் வந்ததா என்பது மூன்று வருஷம் கழித்துத் தெரிய வேண்டிய சங்கதி. அது முன்கூட்டியே பெயரில் தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. பெரிய கம்பெனிக்கு ஆயிரம் கோடி கடன் கொடுத்தால் அந்த முதலாளியை யாரும் பயனாளி என்பதில்லை, 'முதலீட்டாளர்' என்கிறார்கள். அவர் கட்டாமல் போனாலும் 'மறுசீரமைப்பு'. தள்ளுவண்டிக்காரி தவணை தவறினால் 'வாராக்கடன்'. சொற்களிலேயே வர்க்கம் இருக்கிறது.

3

'காப்பாற்றப்பட்டவர்கள்' என்பது இன்னொரு சொல். 2020 மே மாதம் அவசரக் கடன் உத்தரவாதத் திட்டம் அறிவிக்கப்பட்டது. மூன்று லட்சம் கோடி ரூபாய், பின்னர் ஐந்து லட்சம் கோடி. வங்கி தரும் கூடுதல் கடனுக்கு அரசு முழு உத்தரவாதம். 2020 பிப்ரவரி 29 அன்று ஒருவருக்கு எவ்வளவு கடன் பாக்கி இருந்ததோ அதில் இருபது சதம்வரை புதுக்கடன் என்பது தொடக்க விதி. பாரத ஸ்டேட் வங்கியின் ஆய்வறிக்கை ஒன்று 2022 ஜனவரியில் 13.5 லட்சம் நிறுவனக் கணக்குகள் இதனால் காப்பாற்றப்பட்டன என்றது.

உடனடிப் பணமுடை இருந்த நேரத்தில் இது பல பேருக்கு மூச்சு கொடுத்தது. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் விதியைக் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள். ஏற்கெனவே வங்கிக் கடன் உள்ளவருக்குத்தான் இந்தக் கதவு. அதிகக் கடன் உள்ளவருக்கு அதிகம். தண்டல்காரரிடம் தினவட்டிக்கு வாங்கிக் கடை நடத்தியவர், நகையை அடகு வைத்து மாவு மில் போட்டவர், வங்கிப் பக்கமே போகாதவர் யாருக்கும் இருபது சதம் என்பது பூஜ்யத்தின் இருபது சதம். ஆக, காப்பாற்றப்பட்டவர்களின் பட்டியல் கப்பலில் டிக்கெட் வாங்கியவர்களின் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. மூழ்கியவர்களில் பெரும்பாலோர் கப்பலிலேயே ஏறவில்லை.

மேலும், 'காப்பாற்றப்பட்டது' என்பதை எப்படி அளந்தார்கள்? கணக்கு வாராக்கடன் ஆகாமல் தப்பியதை வைத்து. வங்கியின் பேரேட்டில் ஒரு கணக்கு உயிரோடிருப்பதும் பட்டறையில் எந்திரம் ஓடுவதும் ஒன்றல்ல. பழைய தவணையைப் புதுக் கடனால் கட்டிக்கொண்டு, ஆட்களை அனுப்பிவிட்டு, முதலாளியே லேத்தில் நின்ற பட்டறைகள் உண்டு. வங்கிக் கண்ணுக்கு அது ஆரோக்கியமான கணக்கு. அனுப்பப்பட்ட ஆளின் கண்ணுக்கு அது என்ன? கடன் கொடுத்தவரே மதிப்பீட்டாளராகவும் இருக்கும்போது கேள்வி கடன்காரரின் கேள்வியாகவே இருக்கும். இதில் யாருடைய நேர்மையையும் நான் சந்தேகிக்கவில்லை. நிற்கும் இடம்தான் பார்வையைத் தீர்மானிக்கிறது.

4

இனி சாதி. சிறுதொழில் பற்றிய நம் பொருளியல் எழுத்து இந்தச் சொல்லைத் தொட்டால் தீட்டு என்பதுபோல் சுற்றிக்கொண்டு போகும்.

2016 ஏப்ரலில் தொடங்கி 2025 வரை நீட்டிக்கப்பட்ட 'ஸ்டாண்ட் அப் இந்தியா' திட்டத்தின் விதி எளிமையானது. ஒவ்வொரு வங்கிக் கிளையும் குறைந்தது ஒரு தலித் அல்லது பழங்குடியினருக்கும் குறைந்தது ஒரு பெண்ணுக்கும் பத்து லட்சம் முதல் ஒரு கோடி வரை கடன் தர வேண்டும். புதிதாகத் தொடங்கும் தொழிலாக இருக்க வேண்டும். அப்போது பேசப்பட்ட கிளைகளின் எண்ணிக்கை சுமார் ஒன்றேகால் லட்சம்.

ஏழாண்டு முடிவில், 2023 மார்ச்சில், மொத்தம் 1.8 லட்சம் கணக்குகள், சுமார் 40,700 கோடி ரூபாய். வெற்றி என்று அறிவிக்கப்பட்டது. உள்ளே போய்ப் பார்த்தால் அதில் ஏறத்தாழ 1.45 லட்சம் பெண்கள். பட்டியல் சாதியினர் சுமார் 27 ஆயிரம். பழங்குடியினர் சுமார் 9 ஆயிரம். இரண்டும் சேர்த்து 36 ஆயிரம். கிளைக்கு ஒருவர் என்றால் ஒன்றேகால் லட்சம் ஆகியிருக்க வேண்டும். ஏழு வருஷத்தில், வருஷத்துக்கு ஒருவர்கூட அல்ல, ஒரே ஒருவர் என்ற கணக்கே மூன்றில் ஒரு பங்கைத் தாண்டவில்லை. பத்துக் கிளையில் ஏழு கிளை, ஏழு வருஷமாக ஒரு தலித்தையோ பழங்குடியையோ தொழில் முனைவராகப் பார்க்கவில்லை என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

இதற்கு வங்கிகள் சொல்லும் காரணம் 'தகுதியான விண்ணப்பம் வரவில்லை' என்பது. தகுதி என்றால் என்ன? தொழில் அனுபவம், சொந்த இடம், சொந்தப் பங்குத் தொகை, மூலப்பொருள் கடனுக்குத் தரும் சப்ளையர், சரக்கு வாங்கும் ஏஜண்ட், ஜாமீன் கையெழுத்துப் போடும் மாமன் மச்சான். இவை யாவும் வங்கிக்கு வெளியே, சாதி வலைக்குள் கிடைப்பவை. கொங்குப் பகுதியிலும் சிவகாசியிலும் 'உழைப்பால் உயர்ந்த' தொழில்களின் கதை எழுதப்படும்போது, அந்த உழைப்புக்குப் பின்னால் நிலமாகவும் உறவாகவும் சங்கமாகவும் இருந்த சாதி மூலதனம் அடிக்குறிப்பில்கூட வருவதில்லை. ஈடு கேட்கக் கூடாது என்று விதி எழுதலாம். மேனேஜர் மேசைக்கு முன் நாற்காலியில் உட்காரச் சொல்வதற்கு விதி எழுத முடியுமா? தமிழக அரசு 2023இல் கொண்டுவந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35 சத முதலீட்டு மானியமும் 6 சத வட்டி மானியமும் தருகிறது, வரவேற்க வேண்டியது. ஆனால் மானியம் கடனின் முதுகில் ஏறித்தான் வர வேண்டும். கடன் என்ற கதவைத் திறக்கும் சாவி இன்னும் அதே மேசையில்தான் இருக்கிறது.

5

நான் சிறு பட்டறைகளுக்குக் கணக்கெழுதிப் பிழைப்பவன். எனவே அறிக்கைகளில் வராத ஒரு கணக்கைப் பற்றி இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. பம்பு உதிரிப்பாகம் கடைந்து கொடுக்கும் ஜாப் ஒர்க் பட்டறைக்காரர் ஒருவரிடம் கேட்டேன், அரசு உங்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று. அவர் சொன்னார்: "கடனெல்லாம் வேண்டாமுங்க. நாங்க செஞ்சு குடுத்த வேலைக்குக் காசு வாங்கிக் குடுத்தாப் போதும். அஞ்சு மாசம் ஆச்சுங்க. கேட்டா அடுத்த ஆர்டரு வேற பக்கம் போயிருது."

இந்த நாலு வரியில் ஒரு முழுப் பொருளியல் இருக்கிறது. சிறு பட்டறை பெரிய கம்பெனிக்குக் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறது, வட்டியில்லாமல். அந்தக் கடனைக் கொடுக்க முடிவதற்காகத்தான் வங்கியில் வட்டிக்குக் கடன் வாங்குகிறது. ஆக அரசு ஆதரவுக் கடனில் ஒரு பங்கு, சிறியவரின் கை வழியாகப் பெரியவருக்குப் போய்ச் சேருகிறது. பயனாளி யார் என்று இப்போது கேளுங்கள்.

இதற்குச் சட்டம் இல்லையா? இருக்கிறது, அதுவும் பலமான சட்டம். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தின்படி 45 நாளைக்குமேல் பணத்தை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதக் கூட்டு. புகாரை 90 நாளில் தீர்க்க வேண்டும். தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் போக வேண்டுமானால் 75 சதத் தொகையைக் கட்டிவிட்டுப் போக வேண்டும். 2017 அக்டோபரில் புகார் தர இணைய வாசலும் வந்தது. எழுத்தில் இதைவிட என்ன வேண்டும்? ஆனால் புகார் தருபவர் பெயர் போட வேண்டும். பெயர் போட்டால் ஆர்டர் போகும். வாங்குபவர் ஒருவர், விற்பவர் நூறு பேர் என்ற சந்தையில் உரிமை என்பது பயன்படுத்தினால் தீர்ந்துபோகும் தோட்டா. ஒரே ஒரு முறைதான் சுடலாம், அதுவும் தன் காலைப் பார்த்து.

2023இல் வருமான வரிச் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்து 2024 ஏப்ரலிலிருந்து நடைமுறைக்கு வந்தது. குறு, சிறு தொழிலுக்கு உரிய நாளுக்குள் பணம் தராவிட்டால் வாங்குபவர் அந்தச் செலவை அந்த ஆண்டுக் கணக்கில் கழிக்க முடியாது. இது கொஞ்சம் புத்திசாலித்தனமான ஏற்பாடு. ஏனெனில் பலவீனமானவர் வாய் திறக்கத் தேவையில்லை, தண்டனை தானாக விழுகிறது. விளைவு? சில இடங்களில் பணம் வேகமாக வந்தது. சில இடங்களில் "உங்க உத்யம் பதிவை எடுத்துருங்க, இல்லேன்னா பர்ச்சேஸ் நிறுத்திக்கிறோம்" என்று சொன்னார்கள். பாதுகாப்பு தரும் அடையாளமே வேலை போகக் காரணமாகிறது. இந்த முடிச்சைப் பற்றி எந்த மதிப்பீட்டு அறிக்கை பேசுகிறது?

6

இனி நம் பக்கத்துக்கு வருவோம். அரசின் சொல்லாடலைக் கட்டுடைத்துவிட்டு நம் சொல்லாடலைப் பத்திரமாக உறையில் போட்டுவைப்பது நேர்மை ஆகாது. இடதுசாரிகளும் காந்தியவாதிகளும் தமிழ்த் தேசியர்களும் 'சிறுதொழில்' என்ற சொல்லுக்கு ஒரு புனிதத்தை ஏற்றிவைத்திருக்கிறார்கள். பெரியது சுரண்டும், சிறியது அப்பாவி.

1967இல் 47 பொருள்களைச் சிறுதொழிலுக்கென்று ஒதுக்கினார்கள். பட்டியல் வளர்ந்து எண்ணூறைத் தாண்டியது. 1997க்குப் பின் படிப்படியாகக் குறைத்து, 2015 ஏப்ரலில் கடைசி இருபது பொருள்களையும் நீக்கினார்கள். தீப்பெட்டி, பட்டாசு, ஊதுபத்தி, ஊறுகாய், மெழுகுவர்த்தி, கண்ணாடி வளையல் எல்லாம் அந்தக் கடைசி இருபதில் இருந்தன. ஒதுக்கீடு இருந்த காலத்தில்தான் சிவகாசியின் தீப்பெட்டி ஆலைகளில் பிள்ளைகள் குச்சி அடுக்கினார்கள். அதன் பொருட்டு 1996இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பு எழுத வேண்டிவந்தது. வரம்பைத் தாண்டாமலிருக்க ஒரே முதலாளி மனைவி பெயரில் ஒன்று, தம்பி பெயரில் ஒன்று என்று அலகுகளை உடைத்துக்கொண்டதும் ஊரறிந்த செய்தி. சிறியதாக இருப்பதற்குச் சலுகை தந்தால் சிறியதாகவே தோன்றக் கற்றுக்கொள்வார்கள். தொழிற்சாலைச் சட்டம், சேமநல நிதி, சங்கம் யாவற்றிலிருந்தும் தப்பிக்கச் சிறுமை ஒரு கூரை.

ஒதுக்கீடு நீக்கத்தின் விளைவை ஆராய்ந்து 2017இல் வெளிவந்த ஒரு பொருளியல் ஆய்வு, நீக்கத்தின் தாக்கம் அதிகமிருந்த மாவட்டங்களில் தொழிற்சாலை வேலைவாய்ப்பு குறையவில்லை, கூடியது என்று காட்டிற்று. நம் கூட்டங்களில் இதைச் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள். அந்த வேலைகளின் கூலியும் நிரந்தரமும் எப்படி என்று கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். ஆய்வையே உலக வங்கியின் சதி என்று தள்ளுவது சோம்பல்.

எதிர்த்திசைச் சோம்பலும் உண்டு: 'அரசு உதவி எல்லாமே வீண், சந்தையிடம் விட்டுவிடு' என்பது. 1998இல் முன்னுரிமைக் கடனுக்கான முதலீட்டு உச்சவரம்பு 65 லட்சத்திலிருந்து 3 கோடியாக உயர்ந்தது. 2000இல் ஒரு கோடியாக இறங்கியது. இந்த ஏற்ற இறக்கத்தைப் பயன்படுத்தி அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் ஓர் ஆய்வு செய்தார்கள் (2014இல் வெளிவந்தது). கடன் கிடைத்தபோது அந்த நிறுவனங்கள் வேறிடத்தில் வாங்கிய கடனை அடைத்துவிட்டு உட்காரவில்லை, உற்பத்தியைக் கூட்டின. அதாவது கடன் இல்லாமைதான் அவற்றைப் பிடித்து வைத்திருந்தது. அதே இருவரும் வேறு சிலரோடு சேர்ந்து ஹைதராபாத் குடியிருப்புகளில் நுண்கடனை ஆராய்ந்தபோது (2015) வேறு விடை: ஏற்கெனவே தொழில் இருந்தவர்கள் கொஞ்சம் விரிவாக்கினார்கள், குடும்பங்களின் சராசரி நுகர்விலோ கல்வியிலோ பெண்களின் அதிகாரத்திலோ பெரிய மாற்றம் இல்லை.

இரண்டையும் சேர்த்து வாசித்தால் ஒரு விஷயம் தெளிவாகும். வேலை இல்லாதவருக்குக் கடன் கொடுத்தால் அவர் முதலாளி ஆவதில்லை, கடனாளி ஆகிறார். வேலை இருந்து மூலதனம் இல்லாத பட்டறைக்குக் கடன் கொடுத்தால் அது வளர்கிறது. வறுமைக்குத் தரும் மருந்தும் தொழிலுக்குத் தரும் மருந்தும் வேறு வேறு. இரண்டையும் ஒரே புட்டியில் ஊற்றி 'சுயதொழில்' என்று லேபிள் ஒட்டுவதால் இலாபம் அரசுக்கு மட்டுமே. வேலை கொடுக்கும் கடமை வேலை தேடுபவரின் தலையிலேயே ஏறிவிடுகிறது. வேலை கிடைக்கவில்லையா, உன் முனைப்புதான் போதவில்லை.

'சிறு' என்ற வகைமையும் இப்போது யாரைக் குறிக்கிறது? 2006இல் 25 லட்சத்துக்குள் எந்திர முதலீடு இருந்தால் குறுந்தொழில். 2020இல் ஒரு கோடி. 2025 ஏப்ரல் முதல் இரண்டரைக் கோடி, விற்றுமுதல் பத்துக் கோடி வரை. நடுத்தரம் என்பது 500 கோடி விற்றுமுதல் வரை போகிறது. இட்லிக்கடை அக்காவும் ஐந்நூறு கோடிக்காரரும் ஒரே எழுத்துச் சுருக்கத்துக்குள். திட்டம் வெற்றி என்று மேடையில் காட்டும்போது அக்காவின் படம். பணம் போகும் திசையைக் காட்டும்போது சுருக்கெழுத்து.

7

என்ன செய்யலாம் என்று தோழர்கள் கேட்பார்கள். விமர்சனம் எழுதுபவனிடம் திட்டவரைவு கேட்கக் கூடாது என்று தப்பித்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் உண்டு. இங்கே அது செல்லாது. ஏனெனில் மதிப்பீடு என்பதே ஒரு போராட்டக் களம்.

நடைபாதை வியாபாரிகளின் அனுபவம் வழி காட்டுகிறது. 2020 ஜூனில் வந்த ஸ்வநிதித் திட்டம் அவர்களுக்கு முதலில் பத்தாயிரம், கட்டினால் இருபதாயிரம், பின் ஐம்பதாயிரம் என்று கடன் கொடுத்தது. ஆனால் அதற்கு ஆறாண்டு முன்பே, 2014இல், தெருவோர வியாபாரிகள் சட்டம் வந்துவிட்டது. கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் தரும்வரை யாரையும் அகற்றக் கூடாது, நகர விற்பனைக் குழுவில் நாற்பது சதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. கடன் வேகமாக வந்தது. இடத்துக்கான உரிமை ஆமையாக நகர்கிறது. வண்டி வாங்கக் கடன் தந்த அரசின் இன்னொரு லாரி அதே வண்டியைத் தூக்கிப் போகிறது. எத்தனை பேருக்குக் கடன் தந்தோம் என்பதோடு, கடன் வாங்கியவர்களில் எத்தனை பேர் அதே இடத்தில் இன்னும் நிற்கிறார்கள் என்பதையும் அந்த நாற்பது சதப் பிரதிநிதிகள் கேட்டால் அதுவே மதிப்பீடு.

2005இன் ஊரக வேலை உறுதிச் சட்டம் தன் 17ஆம் பிரிவில் சமூகத் தணிக்கையைக் கிராம சபையின் கையில் கொடுத்தது. கூலிக்காரரின் நூறு நாள் கணக்கு ஊர் நடுவே வாசிக்கப்பட்டது. மானியம் பெற்ற தொழில்களின் கணக்கு மட்டும் ஏன் வாசிக்கப்படக் கூடாது? கூலிக்காரரைச் சந்தேகிக்கும் அரசு, பட்டியலைச் சந்தேகிக்க நமக்கு அனுமதி தருவதில்லை.

எனவே கோரிக்கைகள் சிறியவை, எண்ணக் கூடியவை. வேலை எண்ணிக்கையைப் பெருக்கி எழுதுவதை நிறுத்து, நேரில் எண்ணு. மூன்றாம் ஆண்டுச் சரிபார்ப்பின் முடிவை மாவட்டவாரியாக வெளியிடு, மூடியவற்றையும் சேர்த்து. கடன்களை அல்ல, ஆட்களை எண்ணு. ஒவ்வொரு வங்கிக் கிளையும் எத்தனை தலித், பழங்குடி விண்ணப்பங்களைப் பெற்றது, எத்தனையைத் திருப்பியது, என்ன காரணம் சொல்லித் திருப்பியது என்று கிளை வாசலில் ஒட்டு. அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் சிறு பட்டறைகளுக்கு வைத்திருக்கும் பாக்கியை, நாள் கணக்கோடு, மாதாமாதம் வெளியிடு. மானியம் வாங்கும் அலகில் வேலை செய்பவரின் கூலியையும் மதிப்பீட்டில் ஓர் இனமாகச் சேர். முதலாளியின் படத்தை மட்டும் போடாதே.

இவற்றுக்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு, சங்கக் கூட்டத்தில் ஒரு தீர்மானம், மாவட்டத் தொழில் மையத்தின் வாசலில் நாலு பேர் நின்று கேட்கும் ஒரு கேள்வி போதும். இந்த வருஷம் உங்கள் மாவட்டத்தில் தொடங்கியதாகச் சொல்லப்படும் அலகுகளின் பட்டியலை வாங்குங்கள். பத்தை மட்டும் தேர்ந்து நேரில் போய்ப் பாருங்கள். உள்ளே எத்தனை பேர் என்று எண்ணுங்கள். எட்டு இருந்தால் நல்லது, எழுதுங்கள். இல்லாவிட்டால் எத்தனை பேர் இருந்தார்களோ அதை எழுதுங்கள்.